பார்வையற்ற அதிர்ஷ்டம்

அக்கா என்னிடம் "பார்" என்ற சொல்லை ஒரு முறைகூடச் சொன்னதில்லை. ஊரில் எல்லோரும் "பாத்துப் போ" என்பார்கள். அவள் "கேட்டுப் போ" என்பாள். கையில் வடையைக் கொடுத்து, "சாப்ட்டுப் பாரு" என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "சாப்ட்டு... சொல்லு" என்பாள். பால்காரர், கண்டக்டர், கம்பெனி செக்யூரிட்டி என்று அத்தனை பேரையும் "இன்னா கண்ணு" என்று கூப்பிடுகிறவள், என்னிடம் மட்டும் "இன்னா க..." என்று நின்று, "இன்னா டீச்சர்" என்று முடிப்பாள். அந்த ஒற்றைக் "க"வில் இருந்த கருணையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அக்கா, நேத்து டிவில சீரியல் பாத்தேன்னு நானே சொல்றேன். நீ இன்னாத்துக்கு இவ்ளோ கஷ்டப்படறே?" என்று கேட்டிருக்கிறேன்.

"நீ சொல்லலாம். நான் சொல்லக்கூடாது" என்பாள். அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது.

நாலு வயதில் ஒரு காய்ச்சலோடு எனக்குப் பார்வை போனது. பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணியில் வீடு. அப்பாவுக்கு நெல் விவசாயம். நான் பொன்னேரியில் அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. எனக்குப் படிக்கப் புத்தகம் வேண்டும் என்றால், யாராவது அதை ஸ்கேன் செய்து, கணினி எழுத்தாக மாற்றி, பிழை திருத்தித் தரவேண்டும். பிறகு ஸ்க்ரீன் ரீடர் அதை எனக்குப் படித்துக் காட்டும். திருவள்ளூரில் ஒரு நூலகர் இதற்காகவே ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார். அவர் ஸ்கேன் செய்வார். மற்றவர்கள் பிழை திருத்துவார்கள். அக்கா அதில் ஒருத்தி; கூடப் பிறந்தவள் இல்லை, வயதில் மூத்தவள் என்று நான் அக்கா என்பேன். ஒருத்தி என்றால், அவள் வரும்வரை மற்றவர்கள் திருத்தியதெல்லாம் திருத்தமே இல்லை.

ஏன் என்று சொல்ல வேண்டும். அச்சில் ரகரமும் துணைக்காலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்குமாம். கணினி குழம்பிவிடும். 'மரம்' 'மாம்' ஆகும். 'காரணம்' 'கரரணம்' ஆகும். கண் உள்ளவர்கள் திருத்தினால் இது அவர்களுக்குத் தட்டுப்படவே தட்டுப்படாது. பழக்கதோஷத்தில் மரம் என்றே படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். ஸ்க்ரீன் ரீடருக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. இன்னொரு கூத்தும் உண்டு. 'எ' என்ற எழுத்தைச் சில நேரம் பழைய தமிழ் எண் ஏழு என்று கணினி எடுத்துக்கொள்ளும். கதாநாயகன் "எனக்கு நீ வேண்டும்" என்று உருகுகிற இடத்தில் "ஏழு னக்கு நீ வேண்டும்" என்று காதில் விழுந்தால் அந்தக் காதலை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அக்கா வந்த இரண்டாவது மாதத்தில் இதையெல்லாம் கண்டுபிடித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மகளுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பில் ஸ்க்ரீன் ரீடரைப் போட்டுக்கொண்டு, காதில் இயர்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு புத்தகம் முழுவதையும் கேட்பாள். இடறும் இடத்தில் நிறுத்திக் கண்ணைத் திறந்து திருத்துவாள். தேர்வாய் கண்டிகையில் ஒரு பாட்டில் கம்பெனியில் அவளுக்கு இன்ஸ்பெக்ஷன் வேலை. வெளிச்சப் பலகைக்கு முன்னால் கண்ணாடி பாட்டில்கள் வரிசையாக ஓடும். கீறல், குமிழி, வாய்க் கோணல் உள்ளதை எடுத்துத் தள்ள வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அதே பலகை.

"பாட்டில்லயும் அப்படித்தான் டீச்சர். ரொம்ப நேரம் நின்னா கண்ணு தானா நல்லது நல்லதுன்னு சொல்லிக்கினே போவும். அதான் நான் மூடிக்கினு கேக்கறேன்" என்றாள். அன்றைக்கு அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. என்னைப் போலவே ஒருத்தி புத்தகம் படிக்கிறாள் என்று தோன்றியது. அவள் கையால் வந்த புத்தகம் என்றால் நான் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து கேட்பேன்.

கம்பெனியில் தள்ளுகிற கை வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டியிலிருந்து பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்ததும் என் புடவையில் நூல் பிரிந்திருக்கிறது என்று ஊசி கேட்பாள். காய்கறிக் கூடையில் கையை விட்டுச் சொத்தைக் கத்தரிக்காய்களைப் பொறுக்கி வெளியே வைப்பாள். அம்மா எனக்குத் தட்டு வைத்தால், "விளிம்பு நெளிஞ்சி கீதும்மா, வேற வைங்க" என்பாள். அம்மாவுக்கு எரிச்சல் வரும். "இருபது வருசமா அவ இதுலதாம்மா துன்றா" என்பாள்.

"துன்னட்டும். அவளுக்கு நல்லதா வைங்க."

எனக்கு மட்டும் எல்லாம் நல்லதாக இருக்க வேண்டும். அதுதான் அவள். பழவேற்காட்டுக்கு ஒரு முறை கூட்டிப் போனாள். ஏரிக்கரையில் மீன் அழுகிய வாடை குடலைப் பிடுங்கியது. அவளோ, "தண்ணி நீலமா சூப்பரா கீது, பறவைங்க கூட்டம் கூட்டமா கீது" என்று அடுக்கிக்கொண்டே போனாள். "பறவை கத்தற சத்தமே இல்லையேக்கா" என்றேன். "தூரமா கீது" என்றாள்.

அதன் பிறகு புடவைக் கதை. பள்ளி ஆண்டு விழாவுக்குக் கிளிப்பச்சையில் ஒரு புடவை வாங்கி வரச் சொன்னேன். வாங்கி வந்தாள். கிளிப்பச்சை, கிளிப்பச்சை என்று சொல்லிச் சொல்லி இரண்டு வருஷம் அதைக் கட்டினேன். ஒருநாள் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "மிஸ், இந்தச் சாம்பல் கலர் புடவை உங்களுக்கு நல்லா இருக்கு" என்றாள். அக்காவைக் கேட்டேன். கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "கடையில பச்சை இல்ல. சாம்பல்னு சொன்னா உன் மூஞ்சி தொங்கிப் போவும். இப்ப ரெண்டு வருசம் சந்தோசமா கட்னே இல்ல?" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

அந்த நாவல் வந்தது அதற்கு அடுத்த வருஷம். பழைய நாவல், ஐம்பது வருஷத்துக்கு முந்தையது என்றார்கள். பார்வையில்லாத ஒரு பெண்தான் அதில் முக்கியப் பாத்திரம். திருநின்றவூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், தினமும் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் நடத்தினார்கள். அந்த நாவலைப் பற்றி நான் பேச வேண்டும் என்று கேட்டார்கள். என்னை ஒரு கூட்டத்துக்குப் பேசக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. நான் பிடிவாதமாகச் சொன்னது ஒன்றுதான்: என் கண்ணைப் பற்றி யாரும் பேசக் கூடாது, புத்தகத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். படித்தவள் என்ற மரியாதையோடு அங்கே போய் உட்கார வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. அக்கா திருத்திய கோப்பை மூன்று முறை கேட்டேன். உண்மையைச் சொன்னால் நாவல் எனக்குக் கொஞ்சம் சலிப்பாக இருந்தது. அந்தப் பெண் எதற்கெடுத்தாலும் பொறுமையாக இருந்தாள். ஆனால் எழுத்தாளரின் நாகரிகம் என்னை அசர வைத்தது.

அக்காதான் என்னை அழைத்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பெரியபாளையம் போய் பஸ் மாறிப் போனோம். இருபது பேர் இருந்திருப்பார்கள். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பேசினேன்.

"நாவலின் முதல் வரியே 'அவங்க வராங்க, கோழியைக் கவுத்து மூடு' என்றுதான் தொடங்குகிறது. பார்வையில்லாத ஒரு பெண் தெருவில் வருகிறாள் என்றதும், அவள் கால் இடறிவிடக் கூடாதே என்று அந்த ஊரார் கோழிகளைக் கூடை போட்டு மூடுகிறார்கள். ஒரு ஊரின் அன்பை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?" என்றேன். கூட்டம் அமைதியாக இருந்தது. என் பேச்சில் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்று நினைத்தேன். "நாவல் முழுக்க எழுத்தாளர் குருடு என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. குருட்டு அதிர்ஷ்டம் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அவர் அந்தக் காலத்திலேயே 'பார்வையற்ற அதிர்ஷ்டம்' என்று எழுதியிருக்கிறார்" என்றேன்.

பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றினார்கள். நான் பேசி முடித்து உட்கார்ந்ததும் எதிரிலிருந்து ஒருவர், பாவம், ரொம்பத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எந்தப் பதிப்பு படிச்சீங்க?"

"ஏன் சார்?"

"எங்கிட்ட இருக்கிற புத்தகத்துல முதல் வரி 'குருடி வரா, கோழியைக் கவுத்து மூடு'ன்னு இருக்குது. அவங்க கோழி திருடறவங்க இல்லையா..."

அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். "அவரு வேற எதோ புக்கு வெச்சிகினு கீறாரு" என்றாள். அவள் கை ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

எழுந்து ஓடியிருக்கலாம். அதற்கும் யாராவது கையைப் பிடித்துத்தான் வெளியே விடவேண்டும். அதனால் உட்கார்ந்தேன். "சார், அந்தக் கோழி திருடற இடத்தைப் படிங்க" என்றேன். அவர் படித்தார். முழு அத்தியாயம் ஒன்று என்னிடம் வராமலே போயிருந்தது. அந்தப் பெண் கூடைக்குள் கையை விட்டு, எடையை வைத்தே முட்டையிடுகிற கோழி எது, கறிக்கு ஆகிற கோழி எது என்று சொல்லிவிடுவாள். கேள்வி கேட்கிற கொழுந்தனை உலக்கையால் விளாசுவாள். "கண்ணு இல்லன்னா கையும் இல்லன்னு நெனச்சியா?" என்று தெருவில் நின்று கத்துவாள். பொய் சொல்வாள். அக்காள் புருஷன் மேல் ஆசைப்படுவாள். கேட்கக் கேட்க எனக்கு ஒரு பக்கம் அவமானம், ஒரு பக்கம் குதூகலம். வாழ்நாளில் நான் படித்த கதைகளில் பார்வையில்லாதவர்கள் எல்லாம் பாடுவார்கள், பொறுப்பார்கள், கடைசியில் செத்துப்போவார்கள். என் வாயும் என் குணமும் உள்ள ஒருத்தி ஒரே ஒரு புத்தகத்தில் இருந்திருக்கிறாள். அவளைத்தான் இந்தப் பாவி மகள் சொத்தைக் கத்தரிக்காயைப் போலப் பொறுக்கி வெளியே போட்டிருக்கிறாள்.

திரும்பும் வழியில் பஸ் ஏறினோம். ஏறியதும் ஆரம்பித்தேன்.

"எதுக்குக்கா பண்ணே?"

"உன்ன அந்த மாதிரி எழுதி வெச்சிருந்தா நான் படிக்க உடுவனா?"

"என்னை எங்க எழுதினாங்க? கோழி திருடறவளை எழுதினாங்க."

"கண்ணு தெரியாத பொண்ணு போய் கோழி திருடுமா? இன்னா எழுத்து அது?"

"ஏன், நான் திருடக் கூடாதா?" என்று கத்தினேன். முன் சீட்டில் ஒரு கிழவர் "இன்னாம்மா திருட்டுப் போச்சி?" என்று கேட்டார்.

அக்கா அழுதாள். அழுதுகொண்டே, "டேமேஜ் பீஸ எடுத்துப் போட்டதுக்கு பன்னெண்டு வருசத்துல எவனும் என்னத் திட்னது இல்ல" என்றாள்.

"இது பாட்டில் இல்லக்கா. எனக்கு வலிச்சா வலிக்கட்டும், அது என் வலி. நீ யாரு அதை எடுக்க? இருபது பேரு முன்னாடி என்னை முட்டாளாக்கிட்டே. பேசும்போதே பக்கத்துலதானே உக்காந்திருந்தே? கிள்ளியாவது விட்டிருக்கலாம் இல்ல?"

"நீ எவ்ளோ சந்தோசமா பேசினு இருந்தே" என்றாள். அதைக் கேட்டதும் அவளை அப்படியே பஸ்ஸிலிருந்து தள்ளிவிடலாமா என்று இருந்தது.

"எத்தினி புக்குல இப்படிப் பண்ணே?"

"தெரில."

"தெரிலன்னா?"

"கேட்டுக்கினே போவும்போது கை தானா போவும். கணக்கா வெச்சிக்கினேன்? ஆனா கெட்ட வார்த்தைய மாத்திருப்பேன், இல்ல எடுத்திருப்பேன், அவ்ளோதான் டீச்சர். என் புள்ள மேல சத்தியமா ஒண்ணும் சேக்கல. எங்க வேலையே எடுக்கறதுதான்."

அவள் ஐம்பதுக்கு மேல் புத்தகங்கள் திருத்தியிருந்தாள். அத்தனையும் நான் படித்தவை. பாதிக்கு மேல் அச்சுப் புத்தகமே கையில் இல்லை. யார் யாரிடமோ இரவல் வாங்கி ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுத்தவை. ஸ்கேன் படங்களையும் இடம் போதவில்லை என்று நூலகர் அப்போதே அழித்திருந்தார். எனக்குத் தெரிந்த உலகத்தில் பாதியை அந்தப் புத்தகங்களிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். இப்போது அதில் எது எழுதினவர் சொன்னது, எது அக்கா விட்டுவைத்தது என்று யாரிடம் போய்க் கேட்பேன்?

குழுவில் நானே சண்டை போட்டேன். நூலகர் அக்காவுக்கு இனிப் புத்தகம் அனுப்புவதில்லை என்று முடிவு செய்தார். அன்றைக்கே அவள் குழுவை விட்டு வெளியேறினாள். நான் ஒரு விதி எழுதிப் போட்டேன்: மூலத்தில் உள்ளதில் ஓர் எழுத்தைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, கசப்போ ஆபாசமோ வசவோ, இருப்பது இருக்க வேண்டும், மாற்ற எவருக்கும் உரிமை இல்லை. எல்லோரும் கை தட்டும் படம் போட்டார்கள். அவள் திருத்திய கோப்புகளை எல்லாம், அச்சுப் பிரதி கிடைத்தால் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டு, மறுபடி சரிபார்க்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அவள் இல்லாமல் வந்த புதுப் புத்தகங்களில் மறுபடி மாமும் கரரணமும் ஏழு னக்கும் வர ஆரம்பித்தன. அதற்கும் அவள் மேல்தான் எரிச்சல் வந்தது.

சரிபார்க்கிற வேலையில் நாலாவது மாதம், தெற்கத்தி நாவல் ஒன்று வந்தது. அதன் அச்சுப் பிரதி எங்கும் கிடைக்கவில்லை. பார்வையில்லாத மகளை ஹாஸ்டலுக்கு அனுப்புகிற ஒரு தாய் அதில் வருவாள். "ஏட்டி, பெட்டியத் தூக்குட்டி" என்று அதட்டிக்கொண்டே இருக்கிற தாய். பஸ் கிளம்பும்போது அவள் மகளிடம் சொல்வாள்: "போற எடத்துல வெளிச்சம் கீதான்னு உன்ன எவனும் கேக்க மாட்டான். வந்துட்டியான்னுதான் கேப்பான்."

பொன்னேரிப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வகுப்பறைக்குப் போகும் வழியில் தூணில் மோதிக்கொள்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். கழிவறையில் போய் நின்று அழுதிருக்கிறேன். அந்த நாட்களில்தான் இந்த நாவலைப் படித்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் பள்ளிப் படியேறும்போது இந்த வரியைச் சொல்லிக்கொண்டுதான் ஏறுகிறேன். வேலையை விட்டுவிடாமல் நான் நின்றதற்கு இந்த வரியும் ஒரு காரணம்.

இப்போது மறுபடி கேட்டபோதுதான் காதில் இடித்தது. ஏட்டி போட்டுப் பேசுகிற தெற்கத்தித் தாய் 'கீதான்னு' என்று எப்படிச் சொல்வாள்? 'இருக்கான்னு' என்றுதானே சொல்லியிருப்பாள்? 'கீது' எங்கள் பக்கத்துப் பேச்சு. எனக்குப் பழகின பேச்சு என்பதால் இத்தனை வருஷம் தமிழ் டீச்சருக்கே உறைக்கவில்லை.

அக்காவுக்குப் போன் செய்தேன். சண்டைக்குப் பிறகு அதுதான் முதல் முறை. மதியம், கம்பெனி கேன்டீனில் இருந்தாள். தட்டுச் சத்தம் கேட்டது.

"இன்னா டீச்சர்?" என்றாள். நேற்றுத்தான் பேசி முடித்த மாதிரி.

வரியைச் சொன்னேன். "இது அந்தப் புக்குல இருந்ததா?" என்றேன்.

தட்டைத் தள்ளிவைக்கும் சத்தம் வந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நல்லா கீதா?"

"நல்லா இருக்குதான்னு நான் கேக்கல. யாரு எழுதினது?"

"நல்லா கீதா, இல்லியா? அத்த மொதல்ல சொல்லு."

"நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

"அப்பறம் இன்னா?" என்றாள். கம்பெனிச் சங்கு ஊதியது. போனை வைத்துவிட்டாள்.

லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். கர்சரைக் கொண்டுபோய் அந்த வரியில் வைத்தேன். அழிக்க வேண்டும். நான் போட்ட விதி அது. இந்தக் கோப்பைக் கேட்டுத் திருத்தணிப் பக்கம் பார்வையில்லாத ஒரு கல்லூரிப் பெண் காத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் முதல் முறையாக ஹாஸ்டலுக்குப் போகிறவள். சாயங்காலத்துக்குள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். அழிக்கிற பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். எவ்வளவு திட்டியும் விரல் அழுந்தவில்லை.

கடைசியில் 'கீதான்னு' என்பதை மட்டும் 'இருக்கான்னு' என்று திருத்திவிட்டு, கோப்பை அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன்.